எரிமலை ஓரத்து நகரத்தின் ஆபத்தை எப்படி மதிப்பிடுவது? சென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

அக்கா மகள் மேற்படிப்புக்காக இத்தாலியில் நேப்பிள்ஸ் போனாள். போன மூன்றாவது வாரம், ராத்திரி பத்தரை மணிக்கு போன் வந்தது. "மாமா, பொட்சுவோலின்னு பக்கத்துல ஒரு ஊர்ல வீடு கிடைச்சிருக்கு, வாடகை கம்மி, ஜன்னல்ல இருந்து கடல் தெரியுது. ஆனா அப்பப்ப தரை ஆடுமாம், கீழ எரிமலை இருக்காம். எடுக்கலாமா வேண்டாமா?"

நான் படித்தது நிலவியல், பிழைப்பு நிலவரைபடம் போடுவது. வேளச்சேரியில் உட்கார்ந்துகொண்டு எரிமலையைப் பற்றி என்ன சொல்வது என்று யோசித்து, ரெண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாள் ரெண்டு மாதமாக நீண்டு, கடைசியில் நான் அவளுக்கு எழுதி அனுப்பியதுதான் கொஞ்சம் விரிந்து இங்கே இருக்கிறது. நம் பிள்ளைகள் ஜகார்த்தாவிலும் ஆக்லாந்திலும் மணிலாவிலும் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "அது வெடிக்குமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் அந்தக் கேள்விக்கு உறுதியான பதில் யாரிடமும் கிடையாது. "வெடித்தால் எது வரும், எந்த வழியாக வரும், நான் கிளம்ப எத்தனை நேரம் இருக்கும்?" இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் பதில் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்றின் கரையில் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். மழை எவ்வளவு பெய்யும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம், தண்ணீர் எந்தத் தெரு வழியாக வரும் என்பது நிலத்தின் சரிவிலேயே எழுதியிருந்தது.

முதல் படி: எரிமலை எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடியுங்கள்

சுலபம் மாதிரி தெரியும். ஆனால் கூம்பு மாதிரி மலையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நேப்பிள்ஸுக்குக் கிழக்கே வெசூவியஸ் இருக்கிறது, அஞ்சலட்டைப் படங்களில் வருகிற அதே மலை. மேற்கே காம்பி ஃபிளெக்ரேய், அது மலையே இல்லை, பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் அகலத்துக்கு உள்வாங்கிப் போன ஒரு பெரும்பள்ளம், பாதி கடலுக்குள். அதன் நடுவில் பொட்சுவோலி. ஆக்லாந்தில் நகரமே சுமார் 53 சிறு எரிமலைகள் மேல் பரவியிருக்கிறது, அடுத்த தடவை பழைய வாயில்தான் வெடிக்கும் என்றுகூட கிடையாது, புதிதாக எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, நம் பரங்கிமலையையும் பல்லாவரத்துக் குன்றுகளையும் அணைந்த எரிமலை என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை சார்னோகைட் பாறை, பூமிக்குள் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாகி, சுமார் 250 கோடி வருஷ வயதுடையவை. அந்தப் பாறைக்குப் பெயர் வந்தது கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் கல்லறையிலிருந்து, கல்லறைக்குக் கல் போனது நம் பக்கத்திலிருந்து. சென்னைக்கு அருகில் எரிமலை இல்லை.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைத் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் நகரத்தைச் சுற்றி 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தத் தூரத்தை நமக்குத் தெரிந்த ஊரின் மேல் போட்டுப் பாருங்கள், நான் அப்படித்தான் செய்தேன். வெசூவியஸின் வாயிலிருந்து நேப்பிள்ஸ் நடுநகரம், நேர்கோட்டில் பரங்கிமலையிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் போகிற தூரத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஜப்பானில் ககோஷிமா நகரத்துக்கும் சகுராஜிமா எரிமலைத் தீவுக்கும் இடையில் வெறும் நாலு கிலோமீட்டர் கடல், லஸ் கார்னரிலிருந்து அடையாறு சிக்னலை விடக் கொஞ்சம் கூட. போப்போகாட்டெபெட்டலிலிருந்து மெக்சிகோ சிட்டி சுமார் 70 கிலோமீட்டர், இங்கிருந்து காஞ்சிபுரம். இப்படிப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

இரண்டாம் படி: அதன் பழைய கணக்கைப் படியுங்கள்

எரிமலை ஒரு தடவை செய்ததை இன்னொரு தடவை செய்யும், அதனால் பழைய வெடிப்புகளின் பட்டியல்தான் அடிப்படை. வெடிப்பின் அளவைச் சொல்ல 0 முதல் 8 வரை ஒரு குறியீடு உண்டு. 2-க்கு மேல் ஒவ்வொரு படியும் வெளியே தள்ளுகிற பொருளில் பத்து மடங்கு. 4 என்றால் 0.1 கன கிலோமீட்டர், 5 என்றால் 1, 6 என்றால் 10. வெசூவியஸ் கி.பி. 79-இல் பாம்பேயை மூடியது, 1631-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, 1944-க்குப் பிறகு அமைதி. காம்பி ஃபிளெக்ரேய் கடைசியாக வெடித்தது 1538-இல், ஒரு வாரத்துக்குள் மோன்டே நுவோவோ என்ற புதுக் குன்றே எழுந்தது.

மனிதர்கள் எழுதி வைத்த கணக்கு மட்டும் போதாது. பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ சுமார் 500 வருஷம் சும்மா கிடந்தது. மலை முழுக்கக் காடு, சரிவில் ஊர்கள், அது எரிமலை என்று பலருக்கும் தெரியாது. 1991 ஜூன் 15 அன்று அது வெடித்தது, 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. அதனால் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். போர்வெல் போடும்போது களிமண், மணல், பாறை என்று வரிசையாக மேலே வருகிற மாதிரி, எரிமலையைச் சுற்றிலும் சாம்பல் அடுக்குகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன், எந்தத் திசையில் மெலிகிறது, அதில் கருகிக் கிடக்கிற மரத்துண்டின் வயது என்ன என்பதிலிருந்து மொத்தக் கதையையும் திரும்பக் கட்டலாம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் மண்ணுக்கடியில் வெள்ளையாக ஒரு சாம்பல் அடுக்கு, சில இடங்களில் ஆளுயரத்துக்கும் மேலே. சுமார் 74,000 வருஷத்துக்கு முன்பு சுமத்ராவில் டோபா வெடித்தபோது வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து விழுந்தது. அவ்வளவும் நேராக வானத்திலிருந்து விழுந்ததில்லை, சுற்றிலும் விழுந்ததை மழை அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தில் சேர்த்தது. அடுக்கைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் தப்பான முடிவுக்குப் போய்விடுவோம்.

மூன்றாம் படி: ஆபத்தைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளே அபாயம், வெளியே பத்திரம் என்று நினைப்பது ஆளையே கொல்லக்கூடிய தப்பு. எரிமலையிலிருந்து வருவது ஒரு பொருள் இல்லை, ஐந்தாறு பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வழி, தனி வேகம்.

எரிகுழம்பு பெரும்பாலும் மெதுவாக ஊரும், வீட்டை விழுங்கும், ஆட்கள் தப்பிக்கலாம். விதிவிலக்கு காங்கோவின் நியிராகோங்கோ, அதன் குழம்பு தண்ணி மாதிரி ஓடும், 2002-இல் கோமா நகரத்தின் நடுவே புகுந்து ஏரியில் போய் விழுந்தது, சுமார் நாலு லட்சம் பேர் ஊரை விட்டு ஓடினார்கள்.

பயப்பட வேண்டியது பைரோகிளாஸ்டிக் ஓட்டத்துக்கு. சுடுவாயு, சாம்பல், கல் எல்லாம் கலந்த ஒரு மேகம் நிலத்தோடு ஒட்டி மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில், பல நூறு டிகிரி சூட்டில் இறங்கும். 1902 மே 8 காலையில் மார்ட்டினிக் தீவில் பெலே மலையிலிருந்து இறங்கியது சுமார் ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த செயின்ட் பியேர் ஊரைச் சில நிமிடங்களில் அழித்தது, சுமார் 28,000 பேர் இறந்தார்கள். தி.நகரில் கிளம்பி சென்ட்ரல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி. இதிலிருந்து ஓடித் தப்பிக்க முடியாது, வருவதற்கு முன்பே அங்கே இல்லாமல் இருப்பதுதான் ஒரே வழி. வீடு இதன் எல்லைக்குள் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம்.

அடுத்தது லஹார், எரிமலைச் சேற்று வெள்ளம். கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13 இரவு வெடித்தது, பெரிய வெடிப்புகூட இல்லை. ஆனால் உச்சியில் பனிப்பாறை இருந்தது, அது உருகி, சாம்பலோடும் கல்லோடும் சேர்ந்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் எழுபது கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து ஆர்மெரோ என்ற ஊரை மூடியது. ஊரில் இருபதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது எண்ணிக்கை இல்லை. வெடிப்புக்கு ஒரு மாதம் முன்பே அபாய வரைபடம் தயாராகி இருந்தது, அதில் ஆர்மெரோ சேறு வரும் வழியில் இருப்பது தெளிவாக வரைந்திருந்தது. அன்று மதியமே சாம்பல் விழுந்தது, பதற்றப்படாமல் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லப்பட்டது. மேட்டு நிலம் பக்கத்திலேயே இருந்தது. இரண்டரை மணி நேரம் என்பது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டியின் கையைப் பிடித்து நடந்து போகக்கூட தாராளமான நேரம்.

வரைபடம் போடுகிறவன் என்பதால் சொல்கிறேன், தாளில் கோடு போட்டதோடு வேலை முடிவதில்லை, அந்தக் கோட்டுக்குள் இருக்கும் கடைசி வீட்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சேற்று வெள்ளத்துக்கு மலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள், மலையிலிருந்து வருகிற ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று பாருங்கள். செம்பரம்பாக்கத்தில் திறந்தால் ஜாபர்கான்பேட்டைக்கு வரும், நடுவில் எத்தனை கிலோமீட்டர் இருந்தாலும் சரி.

சாம்பல் ரொம்ப தூரம் போகும். எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு அனல் மின் நிலையச் சாம்பல் தெரியும், இது அது மாதிரி இல்லை. இது பாறையும் கண்ணாடியும் பொடியானது, ஒவ்வொரு துகளும் கூராக இருக்கும், தண்ணீரில் கரையாது. பத்து சென்டிமீட்டர் ஈரச் சாம்பல் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ வரை எடை போடும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 9 முதல் 19 டன், ஒரு லோடு மணலை மாடியில் கொட்டிய மாதிரி. நம் ஊர் கட்டட விதிப்படி ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மயிலாப்பூர் பழைய வீடுகளில் இருக்கிற மெட்ராஸ் டெரஸ், மங்களூர் ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இவையெல்லாம் எந்த அளவில் தாங்காமல் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பினாட்டுபோவில் வெடிப்பு நடந்த அன்றே ஒரு புயலும் கடந்துபோனது. சாம்பல் மழையில் நனைந்து கனத்து, கூரைகள் இடிந்துதான் பல பேர் இறந்தார்கள்.

சாம்பலுக்கு வீட்டைப் பார்க்கும்போது கூரையின் சாய்வு, அது கான்கிரீட்டா மரமா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். ஈரச் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும், மின்கம்பத்துப் பீங்கான்களில் படிந்தால் ஊரே இருளும். வடிகாலுக்குள் தள்ளிவிட்டால் சிமென்ட் மாதிரி இறுகும். ககோஷிமாவில் சாம்பல் அள்ளவென்றே வீட்டுக்கு வீடு மஞ்சள் பை கொடுத்து, நகராட்சி வண்டி வந்து எடுத்துப் போகிறது.

வாயு, குறிப்பாகக் கார்பன் டை ஆக்சைடு, காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். அதனால் பொட்சுவோலி மாதிரி இடத்தில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிற அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நான்காம் படி: காற்றைப் பாருங்கள்

நேப்பிள்ஸில் உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று அடிக்கிறது. வெசூவியஸ் நகரத்துக்குக் கிழக்கே இருப்பதால் அதன் சாம்பல் பெரும்பாலும் நகரத்தை விட்டு விலகிப் போகும். காம்பி ஃபிளெக்ரேய் மேற்கே இருப்பதால் அதே காற்று அதன் சாம்பலை நேராக நகரத்தின் தலையில் கொண்டுவந்து கொட்டும். ஒரே நகரம், ஒரே காற்று, இரண்டு எரிமலை, இரண்டு வேறு பதில். பருவத்துக்குப் பருவம் காற்று திசை மாறுகிற ஊர் என்றால் (தென்மேற்கும் வடகிழக்கும் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை) மாதத்துக்கு ஒரு வரைபடம் வேண்டும்.

ஐந்தாம் படி: எச்சரிக்கைக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கண்காணிப்பாளர்கள் பார்ப்பது முக்கியமாக மூன்று: சின்னச் சின்ன நிலநடுக்கங்கள், தரை உப்புவது, வாயு மாறுவது. வெசூவியஸ் ஆய்வகம் 1841-இல் தொடங்கியது, உலகிலேயே பழைய எரிமலை ஆய்வகம். அவர்களின் வார அறிக்கை பொதுவில் கிடைக்கிறது, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கலாம், நான் வாராவாரம் படிக்கிறேன்.

பொட்சுவோலியில் 1982 முதல் 1984-க்குள் தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது, துறைமுகத்தில் படகு கட்ட முடியாமல் போனது, சுமார் 40,000 பேரை வெளியேற்றினார்கள், எரிமலை வெடிக்கவில்லை. 2005-லிருந்து திரும்ப உயர்கிறது, இதுவரை ஒன்றேகால் மீட்டருக்கும் மேல். 2012 டிசம்பரிலிருந்து அங்கே மஞ்சள் நிலை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற வரிசையில் இது இரண்டாவது. 2025 மார்ச்சில் 4.6 அளவு நிலநடுக்கம் வந்தது. அந்த ஊரில் ரோமானியர் காலச் சந்தை ஒன்றின் தூண்கள் நிற்கின்றன, அவற்றில் பல அடி உயரத்தில் கடல் சிப்பிகள் குடைந்த ஓட்டைகள் இருக்கும். தரை கடலுக்குள் இறங்கித் திரும்ப மேலே வந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தரை உப்பினால் வெடித்தே தீரும் என்பதும் கிடையாது, போன தடவை வெடிக்கவில்லை என்பதால் இந்தத் தடவையும் வெடிக்காது என்பதும் கிடையாது. 1976-இல் கரீபியன் கடலில் உள்ள குவாடலூப் தீவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றி, பெரிய வெடிப்பு வராமலே போனது. பினாட்டுபோவில் சரியான நேரத்தில் வெளியேற்றி ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றினார்கள். வீணாகப் போன வெளியேற்றத்துக்காக அதிகாரிகளைத் திட்டுகிற ஊரில் அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், ஆர்மெரோவை விட குவாடலூப் ஆயிரம் மடங்கு மேல்.

ஆறாம் படி: வாய்ப்பை எண்ணாக மாற்றுங்கள்

வருஷத்துக்கு 1 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். அதே வீட்டில் 30 வருஷம் இருந்தால் ஒரு தடவையாவது நடக்க 26 சதவீதம், நாலில் ஒன்று. வருஷத்துக்கு 0.1 சதவீதம் என்றால் 30 வருஷத்துக்கு 3 சதவீதம். ரெண்டு வருஷம் படிக்கப் போகிறவளுக்கும் வீட்டுக் கடன் வாங்கிக் குடியேறுகிறவருக்கும் பதில் ஏன் வேறு என்பது இங்கேதான் தெரியும். விஞ்ஞானிகள் இதைக் கிளை கிளையாகப் பிரிப்பார்கள்: கலக்கம் வருமா, வந்தால் வெடிக்குமா, வெடித்தால் எந்த அளவு, அன்று காற்று எந்தப் பக்கம். ஒவ்வொன்றின் வாய்ப்பையும் பெருக்கிக்கொண்டே போனால் உங்கள் தெருவுக்கான எண் கிடைக்கும்.

ஏழாம் படி: வெளியேறும் வழியை நடந்து பாருங்கள்

வெசூவியஸின் சிவப்பு மண்டலத்தில், அதாவது வெடிப்புக்கு முன்பே முழுக்கக் காலி செய்ய வேண்டிய பகுதியில், ஆறு ஏழு லட்சம் பேர் இருக்கிறார்கள், காம்பி ஃபிளெக்ரேயில் இன்னும் சுமார் ஐந்து லட்சம். வெளியேற்றத் திட்டம் 72 மணி நேரம்: 12 மணி நேரம் ஏற்பாடு, 48 மணி நேரம் ஆட்கள் கிளம்ப, மீதி 12 கையிருப்பு. ஒவ்வொரு ஊரையும் இத்தாலியின் ஒரு மாநிலத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், சொந்தமாகத் தங்க இடம் பார்த்துக்கொள்ளாதவர்கள் வெளியேறினால் அங்கே போவார்கள்.

72 மணி நேரம் நிறைய என்று தோன்றினால் பொங்கலுக்கு முந்தின ராத்திரி பெருங்களத்தூரை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் சந்தோஷமாகக் கிளம்புகிற, முன்கூட்டியே தேதி தெரிந்த பயணம்தான் அது. அதனால் வீடு பார்க்கும்போதே கேளுங்கள்: இந்தத் தெரு எந்த மண்டலம், கூடும் இடம் எது, ரயில் எந்தப் பக்கம், ஒரே பாலம்தான் வழியா, பாலம் நிலநடுக்கத்தில் போனால் என்ன. கட்டிலில் படுத்திருக்கும் பெரியவர் இருந்தால் சிவப்பு எச்சரிக்கை நிலைக்குக் காத்திருக்காமல் ஆரஞ்சு நிலையிலேயே கிளம்ப வேண்டும்.

சரி, சென்னைக்கு?

அந்தமானில் பாரன் (Barren) தீவு எரிமலை இங்கிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர், நமக்கு நேரடி ஆபத்து இல்லை. விமானப் பாதையில் சாம்பல் வரலாம். 2025 நவம்பரில் எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி வெடித்து, அதன் சாம்பல் மேகம் செங்கடலைத் தாண்டி டெல்லி வரை வந்து விமானங்கள் ரத்தாயின. 1982-இல் ஜாவாவின் காலுங்குங் சாம்பலுக்குள் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போவின் நாலு இன்ஜினும் நின்று, திரும்ப இயங்கி, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. சாம்பலால் விமானம் ரத்து என்றால் கவுன்ட்டரில் சண்டை போடாதீர்கள்.

இன்னொன்று கடல். 1883-இல் இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்துக் கிளம்பிய அலை இந்தியத் துறைமுகங்களின் அலைமானிகளிலும் சிறிதாகப் பதிவானது. 2018 டிசம்பரில் அதே இடத்தில் அனாக் கிரகடோவின் சரிவு கடலில் சரிந்து, பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாமலே சுனாமி வந்து, இந்தோனேசியாவில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 2004-ஐப் பார்த்த பட்டினப்பாக்கம், காசிமேடு மக்கள் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையம் சொல்லிவிட்டால், தரை ஆடியதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது: பொட்சுவோலி வேண்டாம், சிவப்பு மண்டலத்துக்குள் எங்கேயும் வேண்டாம், ரெண்டு வருஷமே என்றாலும். அவள் வடக்கே கசெர்ட்டாவில் வீடு எடுத்தாள், இரண்டு மண்டலத்துக்கும் வெளியே, கான்கிரீட் கட்டடம், இரண்டாவது மாடி. தினமும் ரயிலில் காலேஜ் போகிறாள், அலுப்புதான். கதவுக்குப் பின்னால் ஒரு பையில் என்-95 முகக்கவசம், பக்கத்தை மூடுகிற கண்ணாடி, டார்ச், பாஸ்போர்ட் நகல், மூன்று நாளைக்கு மாத்திரை. கடல் தெரியாத ஜன்னலின் படத்தை அவள் அனுப்பியபோது அக்கா அதைத்தான் போனில் வால்பேப்பராக வைத்துக்கொண்டாள்.